இறுக்கமும் நேர்கோடும்

சிங்கப்பெருமாள் கோயில் சந்திப்பில் விடியற்காலையில் சற்று நேரம் நின்று பார்ப்பவருக்கு இவ்வட்டாரத்தின் வாழ்க்கை விளங்கிவிடும். ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து இங்கே பிரியும் சாலை ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூருக்குச் செல்கிறது. இரவுப் பணி முடித்தோரை இறக்கிவிடும் தொழிற்சாலைப் பேருந்துகள் பகல் பணியாளரை ஏற்றிக்கொண்டு திரும்புகின்றன. இச்சந்திப்பை அடுத்த ஒரு பட்டறையில், பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் முன் அமர்ந்து நான் கற்ற பாடத்தை எழுத விழைகிறேன்.

வண்டி 1978-ஆம் ஆண்டுப் புல்லட். இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகர நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் உருவாக்கியது. தாய் நிறுவனம் 1970-க்குள் தன் உற்பத்தியை முடித்துக்கொண்டது. திருவொற்றியூரில் வேலை நிற்கவில்லை. 2013-இல் ஒரகடத்திலும் அவ்வண்டிக்கு ஒரு தொழிற்சாலை எழுந்தது. பங்கு இல்லத்துக் கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் துருவேறிக் கிடந்த அவ்வண்டியைப் பட்டறை முதியவரின் துணையோடு எட்டு மாதம் உழைத்து மீண்டும் கட்டினேன். ஊரார் அவரைப் 'பாய்' என்றே அழைப்பர், நானும் அப்படியே.

வண்டி உயிர்பெற்றது, ஆனால் நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் இடப்பக்கத்தில் ஓர் ஊளை எழுந்தது. எஞ்சினின் சுழற்சியைக் கிளட்சுக்குக் கொண்டு செல்லும் பிரைமரி செயின் இருக்கும் இடம் அது. புல்லட்டில் கியர்பாக்ஸ் எஞ்சினோடு போல்ட்டால் பிணைக்கப்பட்டிருப்பதால், அதைப் பின்னுக்குத் தள்ளிச் செயினை இறுக்க வழியில்லை. செயினின் கீழ்ப்பகுதியைத் தாங்கும் வளைந்த பட்டையைத் திருகாணியால் உயர்த்த வேண்டும். செயின் எல்லா இடத்திலும் ஒரேபோல் தேய்வதில்லை. ஆகவே எஞ்சினைச் சுழற்றிப் பார்த்து, மிக இறுக்கமான இடத்திலும் ஏறத்தாழ 6 மி.மீ. அசைவு இருக்கும்படி வைக்க வேண்டும். நானோ தொய்வுதான் காரணம் என்று முடிவுகட்டி இருமுறை இறுக்கினேன். ஊளை ஒரு வாரம் அடங்கியது. பின்பு முன்னிலும் மிகுந்து எழுந்தது.

அதே நாள்களில் பங்கிலும் ஒன்றை இறுக்கிக் கொண்டிருந்தேன். பாடற்குழுவில் கீபோர்டு வாசிக்கும் இளைஞன் ஞாயிறு ஏழு மணித் திருப்பலிக்குத் தொடர்ந்து பிந்தி வந்தான். முதலில் கடிந்துகொண்டேன். பிறகு, மூன்று முறை பிந்துவோருக்குக் குழுவில் இடமில்லை என்று பங்குப் பேரவையில் விதி செய்தேன். பிந்துவது நின்றது, அவன் வருவதும் நின்றது.

மூன்றாம் முறையும் செயினை இறுக்க நான் கருவியை எடுத்தபோது பாய் தடுத்தார். "எத்தனை வாட்டிதான் இறுக்குவீங்க, ஃபாதர்? தொய்வா இருந்தா இறுக்கலாம். கோடே கோணலா இருந்தா இறுக்க இறுக்கத் தேஞ்சிதான் போகும்" என்றார்.

கால்மிதியைக் கழற்றி, மூடியை இறுக்கிப் பிடித்திருந்த ஒற்றை நட்டையும் கழற்றினோம். வடிந்த எண்ணெயை வெள்ளைத் துணியில் தேய்த்தால் சாம்பல் நிற மினுமினுப்பு: தேய்ந்த இரும்பு. சிறிய பல்சக்கரத்தின் பற்கள் ஒரு பக்கம் மட்டும் பளபளத்தன. செயினின் கண்ணிகள் மேலும் கீழுமாக மடங்குமேயன்றிப் பக்கவாட்டில் வளையா. இரு சக்கரங்களும் ஒரே நேர்கோட்டில் இல்லையென்றால் கண்ணி பல்லின் விலாவை உராய்கிறது. இறுக்கினால் உராய்வும், பேரிங்கின் மேல் விழும் சுமையும் கூடுகின்றன.

முன்னால் மறைத்த ஆல்டர்னேட்டரை அகற்றி, கிளட்சை உள்நோக்கி அழுத்திப் பிடித்து, இரு சக்கரங்களுக்கும் குறுக்கே எஃகு ஸ்கேலை வைத்தார் பாய். பெரிய சக்கரத்தில் அது படிந்தது. சிறியதற்கும் ஸ்கேலுக்கும் நடுவே 1 மி.மீ. வெளிச்சம் தெரிந்தது.

"பேரிங் மாத்தினப்போ அதுக்குப் பக்கத்துல ஒரு மெல்லிய வளையம் இருந்திருக்கணுமே, ஃபாதர்?"

இருந்தது. மண்ணெண்ணெய்த் தட்டில் எல்லாவற்றையும் கழுவிப் பூட்டிய பின் எஞ்சிக் கிடந்த அதை, மிஞ்சியது என்று எண்ணி, என் அறைச் சன்னலில் ஒரு புட்டியில் போட்டு வைத்தவன் நானே.

அன்று மாலை அவ்விளைஞனின் வீட்டுக்குச் சென்றேன். தாய் மட்டும் இருந்தார். மகன் ஒப்பந்தத் தொழிலாளி. சனிக்கிழமை இரவுப் பணி முடிந்து பேருந்து அவனைச் சந்திப்பில் இறக்கும்போது ஞாயிறு காலை ஏழேகால். "தூக்கக் கலக்கத்தோட ஓடி வருவான் சாமி. முன்னே சனிக்கிழமை சாயங்காலப் பூசை இருந்துச்சு. பார்த்துட்டு வேலைக்குப் போயிடுவான்" என்றார்.

அந்தச் சனி மாலைத் திருப்பலியை நிறுத்தியவனும் நானே. இப்பங்குக்கு வந்த புதிதில் எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு பேர். மிஞ்சியது என்று தோன்றியது. முந்தின நாள் மாலைத் திருப்பலியில் பங்கேற்போரும் ஞாயிறு கடனை நிறைவேற்றுகின்றனர் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு கூறுவதைக் குருமடத்தில் படித்தவன்தான். அந்தப் பன்னிரண்டு பேர் யார், ஏன் அந்த நேரத்தில் வருகிறார்கள் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில், அந்தியோக்கியாவில் பேதுருவைக் கண்டித்ததைப் பவுல் நினைவுகூர்கிறார். பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் உண்டு வந்த பேதுரு, சிலர் வந்ததும் அஞ்சி விலகிக்கொண்டார். அச்செயலைக் குறிக்கப் பவுல் ஆளும் கிரேக்க வினைச்சொல்லின் பொருள் 'நேராக நடத்தல்'. நற்செய்தியின் கோட்டில் பேதுரு நேராக நடக்கவில்லை என்பதே குற்றச்சாட்டு. கோட்டை விட்டு விலகியது மந்தையன்று, மேய்ப்பர். இப்பகுதியைப் பல ஆண்டுகள் விளக்கியிருக்கிறேன். ஒருமுறையேனும் அந்த ஸ்கேலை என் விலாவில் வைத்துப் பார்த்ததில்லை.

வளையம் தன் இடத்துக்குத் திரும்பியது; செயினைச் சற்றுத் தளர்த்தி மூடினோம். செங்கல்பட்டு வரை ஓட்டிப் பார்த்தேன், ஊளை இல்லை. ஆயினும் ஒரு பக்கம் தேய்ந்த பற்கள் தேய்ந்தவையே; அவை இனி வளரா.

சனி மாலைத் திருப்பலி மீண்டும் தொடங்கியது. பேரவையில் அந்த விதியை நானே எழுந்து திரும்பப் பெற்றேன். இளைஞனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை ஃபாதர்" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். மூன்றாம் வாரம் வந்தான். கீபோர்டின் அருகே செல்லாமல் கடைசி வரிசையில், தொழிற்சாலைச் சீருடையோடு அமர்ந்தான். வாசிக்க வருமாறு நான் இன்னும் அழைக்கவில்லை. இறுக்கும் கருவி என் கைக்கு மிகவும் பழகியது; அதை அஞ்சுகிறேன். அவன் வழக்கமாக நிற்கும் இடத்தை மட்டும் காலியாக வைத்திருக்கிறோம்.