ராமநவமி காலையில் ஒரு கூடைப்பந்து ஆட்டம்



வழக்கமா நாங்கள் இங்கே போடுவது பூஜை நேரம், அன்னதான உபயம், எத்தனை தொண்டூழியர் தேவை, இவ்வளவுதான். இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

வருகிற ஜூன் 11ஆம் தேதி உலகக் கோப்பைக் கால்பந்து தொடங்குகிறது. இந்தத் தடவை 48 அணிகள், 104 ஆட்டங்கள். அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில் நடப்பதால் நமக்குப் பெரும்பாலும் பின்னிரவு, இல்லாவிட்டால் காலை நேரம். எந்த அணி ஜெயிக்கும், எதில் கட்டலாம் என்று ஒரு முன்னோட்டம் எங்கள் சேவைக் குழு வாட்ஸ்அப்பில் இப்போதே வந்துவிட்டது. அனுப்பியவர் நல்ல மனுஷர், விளையாட்டா அனுப்பினார். அதைப் பார்த்ததும் எங்களில் சிலருக்குப் போன வருஷ ஸ்ரீராம நவமி ஞாபகம் வந்து வயிற்றைப் பிசைந்தது.

அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறோம். அதில் வரும் தம்பியிடமும் அவர் அம்மாவிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறோம். எழுதியதைத் தம்பி ஒரு தடவை படித்தும் பார்த்துவிட்டார். யார் என்று தெரிந்தவர்கள் மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். தெரியாதவர்கள் தயவுசெய்து கேட்காதீங்க.

2025 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கெல்லாம் நாங்கள் ஒன்பது பேர் சமையல்கட்டில். ராமநவமி என்றால் தெரியுமே, பானகம், நீர்மோர், வடைப்பருப்பு. முதல் நாள் தேக்காவில் வாங்கின எலுமிச்சை ரெண்டு பெரிய பை. தம்பிக்கு எலுமிச்சை பிழிகிற வேலை. இருபத்தாறு வயசு, பாலிடெக்னிக் முடித்து நல்ல வேலை. மூன்று வருஷமா எங்களோடு சேவை செய்கிறார். தீமிதிக்கு சிராங்கூன் சாலையில் தண்ணீர் கொடுக்க நிற்பார், தைப்பூசத்துக்குக் காவடிக்குப் பின்னால் நடப்பார். ஒரு வேலை சொன்னால் மறுவார்த்தை கிடையாது.

அன்று காலை அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து அரையிறுதி. அங்கே சனிக்கிழமை ராத்திரி, இங்கே ஞாயிறு காலை. டியூக் பல்கலைக்கழகமும் ஹூஸ்டன் பல்கலைக்கழகமும் டெக்சஸில் சான் அன்டோனியோ நகரத்தில் மோதின. எங்களில் ஒருத்தருக்கும் இந்த ஊர்கள் எங்கே இருக்கின்றன என்றுகூடச் சரியாகத் தெரியாது. ஆனால் தம்பி எலுமிச்சை பிழிந்துகொண்டே சொன்ன முன்னோட்டத்தை நாங்கள் கதாகாலட்சேபம் மாதிரி வாயைப் பிளந்து கேட்டோம்.

"அக்கா, டியூக் இந்த வருஷம் 35 ஜெயிச்சு மூணுதான் தோத்திருக்கு. ஹூஸ்டன் 34க்கு நாலு. கடைசி நாலு அணியும் முதல் தரவரிசை. 2008க்கு அப்புறம் இப்பத்தான் இப்படி நடக்குது. டியூக்ல கூப்பர் ஃபிளாக்னு ஒரு பையன், பதினெட்டு வயசு, முதல் வருஷம் படிக்கிறான், அவனைப் பிடிக்கவே முடியாது. ஹூஸ்டனுக்குத் தடுப்பாட்டம்தான் பலம், நாட்டிலேயே எதிரணிக்குக் குறைவா புள்ளி கொடுத்த அணி அதுதான். ஆனா புள்ளி எடுக்கத் திணறும்."

"அப்ப யாரு தம்பி?"

"டியூக். அஞ்சு கொடுத்து."

அஞ்சு கொடுத்து என்றால் என்ன என்று ஓர் ஆன்ட்டி கேட்டார். பலமான அணி எது என்று எல்லோருக்கும் தெரியும் அல்லவா, அதனால் பந்தயக்காரன் அந்த அணிக்கு ஒரு சுமையை ஏற்றிவிடுவான். டியூக் ஐந்து புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் டியூக்கில் கட்டியவனுக்குப் பணம். நாலு புள்ளியில் ஜெயித்தால் டியூக்குக்கு வெற்றி, கட்டியவனுக்குத் தோல்வி. தம்பி சொன்ன விளக்கம் அவ்வளவு தெளிவு. பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகப் போகலாம் என்று நினைத்தோம்.

இங்கே நாங்கள் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். அது முதல் தடவை இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னாடியே அவர் ஒரு ஆட்டம் சொல்லி, நாங்கள் ஐந்து பேர் ஆளுக்கு 20 வெள்ளி கொடுத்திருந்தோம். மறுநாள் ஆளுக்கு 38 வெள்ளி 20 காசு வந்தது. சந்தோஷத்தில் ஆளுக்குப் பத்து வெள்ளி போட்டு 50 வெள்ளியை உண்டியலில் சேர்த்தோம். "அம்பாள் கொடுத்தது, அம்பாளுக்கே" என்று ஒருவர் சொன்னதற்கு மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். தம்பியின் முகத்தில் அன்றைக்கு இருந்த பூரிப்பு இப்பவும் கண்ணில் நிற்கிறது. பெரியவங்க வாயால் 'கெட்டிக்காரன்' என்று கேட்டால் எந்தப் பிள்ளைக்குத்தான் பூரிப்பு வராது.

எங்கே கட்டுகிறார் என்று நாங்கள் கேட்கவே இல்லை. சிங்கப்பூர் பூல்ஸில் கால்பந்துக்கும் கார் பந்தயத்துக்கும் கட்டலாம், கூடைப்பந்து கிடையாது. அப்படியென்றால் அது அனுமதி இல்லாத இடம். 2022ஆம் ஆண்டு சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அப்படிக் கட்டுகிறவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டும். எங்கள் பாட்டன் காலத்திலிருந்து நாலு நம்பர் எழுதியே பழகிய வாய்க்கு இதெல்லாம் ஒரே மாதிரிதான் தெரிந்தது.

ராமநவமி அன்று ஆறு பேர் ஆளுக்கு 50 வெள்ளி கொடுத்தோம். கைபேசியை வெல்லப் பைமேல் சாய்த்து வைத்திருந்தார். ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னாடி ஆட்டம் ஆரம்பம். நாங்கள் வெல்லம் கரைத்தோம், சுக்கு இடித்தோம், இடையிடையே எட்டிப் பார்த்தோம். டியூக் ஒரு கட்டத்தில் 14 புள்ளி முன்னாடி. அந்த ஃபிளாக் பையன் மட்டும் 27 புள்ளி எடுத்தான். கடைசி அரை நிமிஷம் இருக்கும்போது 67க்கு 61. ஆறு புள்ளி வித்தியாசம். எங்களுக்குப் போதும். வெளியே தீபாராதனை மணி கேட்டது, இரண்டு பேர் கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட ஓடினார்கள்.

அவர்கள் திரும்பி வருவதற்குள் ஆட்டம் மாறிவிட்டது. ஹூஸ்டன் தொடர்ந்து ஒன்பது புள்ளி. 70க்கு 67. டியூக் தோற்றே போனது.

நாங்கள் சிரித்தோம். "போச்சு போ, அம்பது வெள்ளிக்கு ஒரு சினிமா" என்று ஒரு அங்கிள் சொன்னார். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. கைபேசியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பானகக் குவளைகளைத் தட்டில் அடுக்கினார். பிறகு இரண்டு மணி நேரம் வரிசையில் வந்த எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார். அவர் அம்மாவும் வந்தாங்க. அவங்களுக்கும் கொடுத்தார். அந்த ஒரு ஆட்டத்தில் அவர் கட்டியிருந்தது 4,000 வெள்ளி.

இது எங்களுக்குத் தெரிந்தது மே மாதத்தில். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள அம்மா அலமாரியைத் திறந்தால் இரண்டு வளையலையும் காணோம். அர்ச்சனைச் சீட்டு வாங்க வந்த இடத்தில் மகன் பேர், நட்சத்திரம் சொல்லும்போதே உடைந்து அழுதுவிட்டாங்க. அன்று கவுன்டரில் இருந்த அக்கா அந்த ராமநவமிக்கு 50 வெள்ளி கொடுத்த ஆறு பேரில் ஒருவர்.

மொத்தம் ஏழு மாதத்தில் ஏறக்குறைய 19,000 வெள்ளி. தம்பி ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். அதைத்தான் நாங்கள் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறோம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தேதி, காரணம், முடிவு என்று அழகா எழுதியிருந்தார். பாதிக்கும் சற்றுமேல் சரியாகத்தான் சொல்லியிருந்தார்! முட்டாள்தனமா கண்ணை மூடிக்கொண்டு கட்டியவர் இல்லை.

எங்களில் ஒருவர் கணக்காளர். அவர் உட்கார்ந்து போட்டுக் காட்டினார். 100 வெள்ளி கட்டி ஜெயித்தால் 191 திரும்ப வரும், அதாவது லாபம் 91. தோற்றால் 100 போச்சு. 21 ஆட்டத்தில் 11 சரி, 10 தப்பு என்று வைங்க. வந்தது 1,001, போனது 1,000. ராத்திரி பகலா கண் விழித்ததற்கு மிச்சம் ஒரு வெள்ளி. இரண்டு பக்கமும் ஆளுக்கு 100 கட்டினால் நடுவில் இருப்பவன் 200 வாங்கி 191 கொடுக்கிறான். அவனுக்கு எந்த அணி ஜெயித்தாலும் ஒன்பது வெள்ளி. அவன் முன்னோட்டம் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

முன்னோட்டத்தில் இருப்பது பொய் இல்லை, அதுதான் ஆபத்து. டியூக் 35க்கு 3 என்பது நிஜம். ஹூஸ்டன் தடுப்பாட்டம் நிஜம். ஆனால் அந்த நிஜமெல்லாம் பந்தயக்காரனுக்கும் தெரிந்து, அந்த 'அஞ்சு கொடுத்து' என்பதற்குள்ளேயே ஏற்கனவே போய்விட்டது. நாம் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி நினைத்துக்கொள்கிறோம். இதே கல்லூரிப் போட்டியில் முதல் தரவரிசை அணி பதினாறாம் தரவரிசை அணியிடம் 135 ஆட்டம் தோற்றதே கிடையாது. 2018 மார்ச் 16ஆம் தேதி வர்ஜீனியா போய் மேரிலாந்து பால்டிமோர் கவுன்டி என்ற, யாருக்கும் தெரியாத அணியிடம் 74க்கு 54 என்று தோற்றது. எங்கள் குழுவில் கிராஞ்சி குதிரைப் பந்தயத்தில் பழம் தின்று கொட்டை போட்ட ஒரு பெரியவர் இருக்கிறார். 2024 அக்டோபர் 5ஆம் தேதி அங்கே கடைசிப் பந்தயம் நடந்தபோது அழுதவர். அவர் சொன்னார், "குறிப்பு எழுதுறவன் பணக்காரன் ஆனா அப்புறம் ஏன் குறிப்பு எழுதுறான்?"

19,000 போனது கணிப்பு தப்பியதால் இல்லை. தோற்ற பிறகு, விட்டதைப் பிடிக்க இரண்டு மடங்கு, நாலு மடங்கு என்று கட்டியதால். 50 வெள்ளியில் ஆரம்பித்தது 4,000 வரை வந்தது அப்படித்தான்.

2014 உலகக் கோப்பை சமயம் சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றம் வெளியிட்ட விளம்பரம் பலருக்கு ஞாபகம் இருக்கும். சில பையன்கள் எந்த அணி ஜெயிக்கும் என்று பேசிக்கொள்வார்கள். ஒரு பையன் மட்டும் வாடின முகத்தோடு, ஜெர்மனி ஜெயிக்கணும், அப்பா என் சேமிப்பை எல்லாம் அதில் கட்டிட்டார் என்பான். அப்புறம் ஜெர்மனி பிரேசிலை 7க்கு 1 என்று நொறுக்கி, இறுதியாட்டத்தில் அர்ஜென்டினாவை 1க்கு 0 என்று ஜெயித்துவிட்டது. ஊரே சிரித்தது. அந்தப் பையனுக்கு யோகம் என்று நாங்களும்தான் கேலிப் படங்களை அனுப்பினோம். மன்றம் பிறகு விளம்பரத்தை மாற்றியது. காசு திரும்ப வந்துச்சா என்று நண்பன் கேட்க, இல்லை, அப்பா இன்னும் ஒரு தடவை கட்டப் போகிறார் என்று பையன் சொல்வான்.

தம்பியிடம் இதைப் பற்றிப் பேசினோம். "என்னைக் கெடுத்தது தோத்த ஆட்டம் இல்லைண்ணே, ஜெயிச்ச ஆட்டம்தான். அதுவும் நீங்கல்லாம் கன்னத்தில் போட்டுக்கிட்டீங்களே, அன்னைக்கு எனக்குச் சாமியே கூட இருக்குன்னு தோணுச்சு" என்றார். எங்களுக்குப் பதில் பேச வாய் வரவில்லை.

வருஷா வருஷம் தீமிதிக்கு முன்னால் மகாபாரதம் கேட்கிறோம். பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் வரை பக்தர்கள் நடப்பது திரௌபதை அம்மனுக்காக. அந்த அம்மனைப் பணயம் வைத்தது ஒரு கெட்டவன் இல்லை, தர்மபுத்திரர். எங்களுக்கு இத்தனை வருஷம் உறைக்காத ஓர் இடம் அதில் இருக்கிறது. முதல் ஆட்டத்தில் இழந்ததை எல்லாம் திருதராஷ்டிரன் திரும்பக் கொடுத்துவிடுகிறான். நாடு, சொத்து, தம்பிமார் எல்லாம் கைக்கு வந்தாச்சு. ஊர் போய்ச் சேருவதற்குள் மறுபடி கூப்பிடுகிறார்கள், தர்மர் திரும்பி வந்து உட்காருகிறார். பன்னிரண்டு வருஷ வனவாசமும் ஒரு வருஷ அஞ்ஞாதவாசமும் அந்த இரண்டாவது ஆட்டத்தால்தான்.

அதனால் கடனை மொத்தமா நாங்கள் அடைத்துவிடலாம் என்று ஓர் அங்கிள் சொன்னபோது எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் ஆனது. நல்ல மனசோடு சொன்னார். ஆனால் ஒரே நாளில் கடன் தீர்ந்தால் மறுபடி உட்காரத் தோன்றும் என்று அம்மாவே வேண்டாம் என்றாங்க. கடைசியில், அடகுக் கடைக்கு நாங்களே நேரில் போய் ஒரு வளையலை மட்டும் மீட்டு அம்மா கையில் கொடுத்தோம். அது அந்த ஆறு பேர் போட்ட பணம். மற்றது தம்பி பாடு. வங்கி அட்டை அம்மாவிடம். தேசிய மன்றத்தின் உதவி எண் 1800-6-668-668, அதற்கு முதல் தடவை போன் போடும்போது பக்கத்தில் எங்கள் அக்கா ஒருவர் உட்கார்ந்திருந்தார். சூதாட்டக்கூடத்துக்குள் நுழைய முடியாதபடி தன்னைத் தானே விலக்கிக்கொள்ளவும் விண்ணப்பித்தார். அங்கே போனதே இல்லை, இருந்தாலும்.

அந்த 50 வெள்ளி உண்டியல் பணத்தைப் பற்றிக் குருக்களிடம் கேட்டோம். திரும்ப எடுக்க முடியுமா, பரிகாரம் உண்டா என்று. "உண்டியல்ல விழுந்தது அம்பாள் கணக்கு. நீங்க உங்க கணக்கைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு அபிஷேகத்துக்குப் போய்விட்டார்.

தீபாவளி சமயம் தம்பி ஒரு தடவை வழுக்கினார், 200 வெள்ளி. மறைக்காமல் அவரே வந்து சொன்னார். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இந்த வருஷ ராமநவமிக்கும் எலுமிச்சை அவர்தான் பிழிந்தார். கைபேசி அம்மாவின் பையில் இருந்தது.

ஆக, உலகக் கோப்பை முடியும் ஜூலை 19 வரை சேவைக் குழுவில் முன்னோட்டம், கணிப்பு, 'இன்னிக்கு யாருக்கு' எதுவும் வேண்டாம். ஆட்டம் பாருங்க, கத்துங்க, அது வேறே. ஆனால் ஸ்கோர்கூடக் குழுவில் போடாதீங்க, தம்பி கேட்டுக்கொண்டது அது. போன வாரம் அனுப்பியவர் தானே அழித்துவிட்டார், அவருக்கு நன்றி.

இரண்டாவது வளையல் இன்னும் கடையில்தான் இருக்கிறது. வட்டி கட்டிப் புதுப்பித்துக்கொண்டு வருகிறார். ஆகஸ்டில் மீட்டுவிடலாம் என்று கணக்கு.

ஞாயிறு அன்னதானத்துக்குக் காய் நறுக்க நாலு பேர் குறைகிறார்கள். வர முடிந்தவர்கள் காலை ஆறரைக்குச் சமையல்கட்டுக்கு வந்துவிடுங்கள்.