பழைய தாரும் புதிய சாலையும்

தஞ்சையிலிருந்து திருவையாறு செல்வோர் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி ஆகிய ஐந்து ஆறுகளைக் கடப்பர். இத்தகைய நீர்நாட்டில் தார்ச்சாலைக்கு நீரே பகை; ஊறிய நீர் தாரைக் கல்லினின்று பிரித்துவிடும்.

பழுதுற்ற சாலையின்மேலேயே மீண்டும் மீண்டும் தாரிட்டதனால், தமிழ்நாட்டில் பல ஊர்களில் தெரு உயர்ந்தது, வீடுகள் பள்ளத்தில் ஆழ்ந்தன, மழைநீர் திண்ணையேறிற்று. பாவம், வீடு என்ன பிழை செய்தது? பழைய மேற்பரப்பைச் சுரண்டிய பின்னரே புதிய சாலை இடவேண்டும் எனத் தமிழக அரசு 2021-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது.

சுரண்டிய கலவை குப்பையன்று. அதிலுள்ள கருங்கல் பெரும்பாலும் கெடுவதில்லை; தார்தான் வெயிலாலும் காற்றாலும் இறுகிவிடுகிறது. புதிய தாரை அளவறிந்து சேர்த்துச் சூடேற்றிக் கலந்தால், அது மீண்டும் கல்லைப் பற்றும். இறுகிய தார் ஓரளவு கலந்திருப்பின், நெல்லேற்றிய லாரியின் சக்கரமும் எளிதில் பள்ளம் பதிக்காது. பழையது அளவை மீறினாலோ சாலை வெடிக்கும். அவ்வெடிப்பின் வழியே மழைநீர் மீண்டும் உள்ளே புகும்.