சாய்ப்பில் எரியும் அடுப்பு

தென்தமிழ்நாட்டுக் கிராமங்களில் வீட்டின் பக்கச் சுவரை ஒட்டித் தாழ்வாக இறக்கப்படும் கூரைக்குச் சாய்ப்பு என்று பெயர். சாய் என்னும் வினையடியிலிருந்து பிறந்த சொல். அதற்கெனச் சொந்தமாக நான்கு சுவர்கள் கிடையாது. மூன்றை எழுப்பிக்கொண்டு நான்காவதைப் பெரிய வீட்டிடம் இரவல் வாங்கிக்கொள்கிறது. முதலில் அங்கே விறகு அடுக்குவார்கள், ஆட்டைக் கட்டுவார்கள், மழைக்காலத்தில் உரலை நகர்த்தி வைப்பார்கள். பிறகு ஒரு நாள் இளைய மகனுக்குத் திருமணம் ஆகிறது. சாய்ப்பின் மூலையில் மண் குழைத்து ஓர் அடுப்புப் போடுகிறார்கள். அன்றிலிருந்து அது சாய்ப்பு என்ற பெயரை இழந்து 'சின்னவன் வீடு' ஆகிவிடுகிறது. சுவரும் கூரையும் மாறவில்லை. அடுப்பு ஒன்றுதான் புதிது.

குடும்பம் பிரிவதைத் தமிழர்கள் அடுப்பை வைத்தே சொல்லிவந்திருக்கிறார்கள். 'தனி அடுப்பு', 'வேறு உலை' என்றால் கேட்பவருக்குப் பாகப்பிரிவினையின் பாதி புரிந்துவிடும். இதை ஒரு முறையாகவே வளர்த்தவர்கள் செட்டிநாட்டு நகரத்தார். அவர்களுடைய பெரிய வீட்டில் முகப்பைக் கடந்தால் வளவு. வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். அந்த அறைகளுக்கும் பெயர் 'வீடு' என்பதே. திருமணமான மகனுக்கு அவற்றில் ஒன்றை ஒதுக்கி, அரிசியும் சாமானும் அளந்து கொடுத்து, தனியாகச் சமைக்கச் செய்வதை 'வேறு வைத்தல்' என்றார்கள். அந்தத் தம்பதி ஒரு புள்ளி. கோயில் வரி புள்ளிக் கணக்கில் வரும். முற்றமும் வாசலும் முன்னோர் படமும் பொது. உப்பும் புளியும் தனி. ஒரு கூரைக்குக் கீழே பல வீடுகள் இருக்கலாம் என்பதைக் கட்டடமும் வழக்கமும் சேர்ந்தே ஒப்புக்கொண்டிருந்தன.

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் ஏறத்தாழ இதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது. கணக்கெடுப்பு இரண்டு அலகுகளை வேறுபடுத்துகிறது. சாலையிலிருந்தோ பொது முற்றத்திலிருந்தோ மாடிப்படியிலிருந்தோ தனி நுழைவாயில் உள்ள பகுதி ஒரு கணக்கெடுப்பு வீடு. சேர்ந்து வாழ்ந்து பொதுச் சமையலறையில் உண்பவர்கள் ஒரு குடும்பம். வீட்டை வாசல் தீர்மானிக்கிறது, குடும்பத்தை அடுப்பு தீர்மானிக்கிறது. இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத இடங்களைத் தேட வேண்டுமானால் மும்பையைவிட நல்ல களம் கிடைப்பது அரிது.

மும்பைத் தமிழர் குடியேற்றத்தில் மாடுங்காவும் தாராவியும் செம்பூரும் மூன்று வேறு வீட்டு வரலாறுகள். 1896இல் தாக்கிய கொள்ளை நோய்க்குப் பின் 1898இல் உருவான பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை, தாதர், மாடுங்கா, சயான் பகுதிகளைத் திட்டமிட்ட குடியிருப்புகளாக மாற்றியது. அங்கே எழுந்த அடுக்ககங்களில் எழுத்தர்களாகவும் தட்டச்சர்களாகவும் வந்த தமிழ்ப் பிராமணக் குடும்பங்கள் குடியேறின. ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், கொல்லை என நீண்டு கிடந்த அக்கிரகார வீடு இரண்டு அறைகளுக்குள் மடிந்தது. ஆனால் பேச்சு மடியவில்லை. அகம் என்ற பழஞ்சொல் அவர்கள் வழக்கில் ஆம் என மருவி, 'ஆத்துல', 'ஆத்துக்காரர்' என இன்றும் மூன்றாம் மாடியில் ஒலிக்கிறது. செம்பூரில் பிற்காலத்தில் கூட்டுறவுக் குடியிருப்புகளில் இடம்பிடித்தவர்களுக்கு இன்னும் சற்று அகலமான சன்னல்கள் கிடைத்தன. இவ்விரு இடங்களிலும் வீட்டுக்குக் கதவு எண் உண்டு, பத்திரம் உண்டு, சங்கத்தின் ரசீது உண்டு.

தாராவியின் கதை வேறு. கோலி மீனவர்களின் குடியிருப்பாக இருந்த அந்தச் சதுப்புநில ஓரத்துக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழில் நகர்ந்தது. குஜராத்தின் சௌராஷ்டிரத்திலிருந்து குயவர்கள் வந்து கும்பார்வாடாவை அமைத்தார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தமிழர்கள் வந்தார்கள். சதுப்பைக் குப்பையாலும் மண்ணாலும் தூர்த்து அதன்மேல் அவர்களே எழுப்பிக்கொண்ட இடம் அது. மராத்தியிலிருந்து வந்த 'கோலி' என்ற சொல்லுக்கு அங்குள்ள தமிழில் அறை, வீடு என்ற இரண்டு பொருளும் உண்டு. பலருக்கு இரண்டும் ஒன்றே. பத்துக்குப் பத்துக் கோலியில் இடம் போதாதபோது பக்கவாட்டில் சாய்ப்பு இறக்க வழியில்லை. அடுத்த சுவர் அடுத்தவருடையது. ஆகவே சாய்ப்பு மேலே ஏறியது. சந்திலிருந்து செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி, மேலே தகரமும் பலகையும் சேர்த்த ஓர் அறை, ஒரு மூலையில் அடுப்பு. ஊரில் படுத்துக் கிடந்த சாய்ப்பு இங்கே எழுந்து நின்றது.

அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தைப் பார்க்கலாம். கீழ்க் கோலியில் வயதான தம்பதி. கணவர் இளவயதில் தோல் பட்டறை வேலைக்கு வந்தவர். இப்போது மூச்சு இளைப்பு. மேலே, கணவனை இழந்து பிள்ளையுடன் திரும்பி வந்த மகள். அவள் வந்த வாரமே தாய் பெரிய பானையை எடுத்து வைத்தாள். மகள் மறுத்துவிட்டு ஒற்றை அடுப்புள்ள சிறிய சிலிண்டர் ஒன்றை வாங்கி மேலே ஏற்றினாள். "ஒரே அடுப்புன்னா நான் உங்களுக்குப் பாரம். மேல தனியா எரிஞ்சா நான் உங்க பக்கத்து வீடு" என்றாள். தாய்க்கு அது சில நாள் வருத்தமாக இருந்தது. பிறகு புரிந்தது. மகள் விடியலுக்கு முன் எழுந்து இட்லி அவிக்கிறாள். சைக்கிளில் கொண்டுபோய் விற்பவர்கள் வந்து வாங்கிச் செல்கிறார்கள். அந்த வருமானம் அவளுடையது. மாதக் கடைசியில் அவள் கீழே கொடுக்கும் தொகையைத் தாய் வாங்கிக்கொள்கிறாள். ஏணி வழியே குழம்புக் கிண்ணம் இருபுறமும் போய்வருகிறது. இரவில் தகப்பனுக்கு மூச்சு முட்டினால் தாய் துடைப்பக்கட்டையால் மேற்கூரையை இருமுறை தட்டுவாள். மகள் இறங்கி வந்து ஆட்டோ பிடித்துச் சயான் மருத்துவமனைக்கு அழைத்துப்போவாள்.

கூப்பிடு தூரம் என்பது தமிழில் ஓர் அளவை. குரல் எட்டும் தூரம், ஆனால் பேச்சு முழுதும் கேட்காத தூரம். ஒட்டிக் கட்டிய தனிக்குடிலின் பயன் முழுவதும் இந்த அளவைக்குள் இருக்கிறது. ஒரே கூடத்தில் இருந்திருந்தால் தாயும் மகளும் நாள்தோறும் உரசியிருப்பார்கள். வேறு நகர்ப்பகுதியில் இருந்திருந்தால் அந்த இரண்டு தட்டு யாருக்கும் கேட்டிருக்காது.

இந்தக் குடும்பத்துக்கு ஊரில் இன்னொரு வீடும் உண்டு. தாத்தா காலத்தில் அது ஊருக்கு வெளியே இருந்த குடியிருப்பில் ஓர் ஓலைக்கூரை. அவருடைய பிள்ளைகள் காலத்தில் ஓடு. பம்பாயிலிருந்து பல ஆண்டுகள் அனுப்பிய பணத்தில் காரை வீடு. அந்தச் சமூகத்தில் ஒருவர் காரை வீடு கட்டுவது வசதிக்காக மட்டும் செய்யப்படுவதன்று. மேலத் தெருவின் கண்ணில் படும்படி சுவர் எழுப்பும் உரிமையை நிலைநாட்டுவதும் ஆகும். அந்த வீட்டில் அண்ணன் குடும்பம் வாழ்கிறது. பக்கத்துச் சாய்ப்பை இடித்துவிட்டு அதே இடத்தில் ஓர் அறை, ஒரு சமையல்மேடை, ஒரு கழிப்பறை என அடக்கமான தனிவீடு ஒன்றைத் தம்பி கட்டினார். தனி வாசல் வைத்தார். கொடைக்கு வரும்போது மதினிக்குத் தொந்தரவு தரக்கூடாது என்பது அவர் சொன்ன காரணம். ஒன்றரை நாள் ரயிலில் வந்து பத்து நாள் தங்குவார்கள், மீதி நாட்களில் அது பூட்டிக் கிடக்கும், சாவி மதினியிடம். பட்டா அண்ணன் பெயரில். அதைப் பற்றி யாரும் பேசியதில்லை, பேசவேண்டிய தேவை வந்ததுமில்லை.

இப்போது தேவை வந்திருக்கிறது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்த தரைத்தள வீட்டுக்காரருக்குத் தாராவிக்குள் 350 சதுர அடி வீடு இலவசம். அதன் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்த தரைத்தளத்தாருக்கு 300 சதுர அடி, தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. மேல்தளத்தில் வாழ்வோர் எந்த ஆண்டு வந்திருந்தாலும் வேறு கணக்கு: 2022 நவம்பர் 15 வரையிலான மேல்தளக் குடியிருப்புகளுக்குத் தாராவிக்கு வெளியே, வாடகை கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளும் முறையில் 300 சதுர அடி. முந்தைய விதிகளில் மேல்தளத்தாருக்கு ஒன்றுமே கிடையாது என்பதை நினைத்தால் இது முன்னேற்றம் என்று வாதிடலாம். அந்த வாதத்தில் உண்மையும் உண்டு. தகரக் கூரைக்கும் கோடை வெக்கைக்கும் பொதுக் கழிப்பறை வரிசைக்கும் காவியம் பாட வேண்டியதில்லை. அங்கே வாழ்பவர்கள் யாரும் பாடுவதில்லை.

ஆயினும் விதி ஏணியை அறுக்கிறது. கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு என்று பிரித்து எண்ணும்போது கணக்கெடுப்பு வாசலைப் பார்த்துவிட்டது, அடுப்பையும் பார்த்துவிட்டது. இரண்டு அடுப்புகளுக்கு இடையே போய்வரும் கிண்ணத்தைப் பார்க்க அதில் கட்டம் இல்லை. பெற்றோருக்குத் தாராவியில் நல்ல வீடு கிடைக்கலாம். மகளுக்கு வேறெங்கோ நல்ல வீடு கிடைக்கலாம். இரண்டு நல்ல வீடுகளுக்கு நடுவே கூப்பிடு தூரம் காணாமல் போகும். இட்லி வாங்க வருபவர்களும் அந்தப் புதிய முகவரிக்கு வரப்போவதில்லை.

உறவினர்கள் ஒரு தீர்வு சொன்னார்கள். பெரியவர்கள் இருவரும் ஊர்ச் சாய்ப்புக்குப் போய்விடட்டும். மகள் கீழ் வீட்டை எடுத்துக்கொள்ளட்டும். காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் இரவில் மூச்சு முட்டினால் ஊரிலிருந்து பெரிய மருத்துவமனை வெகுதூரம். மேலும், பத்து நாள் விருந்தாளியாகப் பழகிய வாசலில் முந்நூற்று அறுபத்தைந்து நாள் குடியிருப்பாளராக நிற்பது வேறு. அண்ணன் மறுக்கமாட்டார். அண்ணனுக்குப் பிறகு அவருடைய பிள்ளைகள் மறுக்கமாட்டார்கள் என்று சொல்ல எழுத்து எதுவும் இல்லை. மும்பையில் மேலறைக்குக் காகிதம் இல்லை. ஊரில் பக்க அறைக்குக் காகிதம் இல்லை. இருமுனையிலும் இவர்கள் சாய்ந்திருப்பது மற்றவர் சுவரில், மற்றவர் மனத்தில்.

இந்தச் சிக்கலைப் பிற நாட்டு உழவர்கள் வேறு வழியில் கையாண்டிருக்கிறார்கள். ஜெர்மன் மொழி பேசும் பகுதிகளில் 'ஆல்ட்டன்டைல்' என்றொரு முறை. பண்ணையை மகனிடம் ஒப்படைக்கும் பெற்றோர் அதே வளாகத்தில் ஒரு தனிக்குடிலிலோ பகுதியிலோ வாழ்நாள் முழுதும் குடியிருக்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்வார்கள். தானியம், பால், விறகு, நோய்க்காலப் பராமரிப்பு என விரிவாக எழுதப்பட்ட ஒப்பந்தங்களும் உண்டு. பாசத்தைப் பத்திரத்தில் எழுதுவதா என்று நமக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் வளவில் அறை ஒதுக்கி அரிசி அளந்து கொடுத்த நகரத்தாரும் அந்தக் கூச்சத்தைக் கடந்தவர்களே. அளந்து கொடுத்ததால் உறவு குறையவில்லை. அளவு தெரிந்ததால் பல சண்டைகள் தவிர்க்கப்பட்டன.

குடியிருப்பு ஆய்வு செய்யும் மாணவர்கள் சதுர அடியையும் தேதியையும் தளத்தையும் பதிவுசெய்கிறார்கள். அவற்றோடு இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளலாம். இந்த வீட்டில் இரவில் உடல்நலம் கெட்டால் யார் வருவார்? அவர் எந்தக் கதவிலிருந்து வருவார்? பதில்கள் வரைபடத்தில் சில கோடுகளாக விழும். அந்தக் கோடுகள் குறுகியவையாக இருக்கும் இடங்களில், இணைந்த இரு அடுப்புகளையும் ஒரே கட்டடத்தில், முடிந்தால் ஒரே தளத்தில், ஒதுக்கித் தரும்படி கேட்பதற்கு ஓர் ஆதாரம் கிடைக்கும். மேல்தளத்தாருக்கு முன்பு இல்லாத இடம் இப்போது விதியில் வந்திருக்கிறது என்றால், விதி அசையக்கூடியது என்று பொருள்.

அந்தக் குடும்பம் இன்னும் முடிவெடுக்கவில்லை. தகப்பன் அண்ணனுக்குத் தொலைபேசியில் பேசி, சாய்ப்பைப் பற்றி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மறுமுனையில் சற்று நேரம் மௌனம். பிறகு அண்ணன், "கொடைக்கு வா, உக்காந்து பேசுவோம்" என்றார். கொடைக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.