முதலில் சோப்பு, அப்புறம் தம்பாகு

புனே மாவட்டம் ஜுன்னர் தாலுகாவில் நாராயண்காவ் சந்தை தக்காளிக்குப் பேர் போனது. சுற்றியுள்ள ஊர்களில் பூச்சிமருந்து அடிக்கும் முறையைச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. கூட்டத்தில் எல்லாரும் முதலில் பார்ப்பது உடம்பு முழுக்க மூடும் அங்கியைத்தான். நான் அதைக் கடைசியில்தான் எடுப்பேன். மே மாத வெயிலில் அதை மாட்டிக்கொண்டு, முதுகில் 16 லிட்டர் பம்ப்போடு நாலு சால் நடந்து பார்த்தால் தெரியும். இலவசமாக வந்த பாதுகாப்பு கிட் மாட்டுக்கொட்டகை ஆணியில் தொங்குவதற்கு விவசாயியின் அலட்சியம் மட்டும் காரணமில்லை.

எதை விட்டாலும் கையுறையை விடாதீர்கள் என்பது என் கட்சி. செடியில் அடிப்பது தண்ணீர் கலந்த மருந்து. டப்பாவைத் திறந்து மூடியில் அளக்கும்போது விரலில் வழிவது கலக்காத சரக்கு. அந்த இரண்டு நிமிஷமும் பெரும்பாலும் வெறுங்கைதான். குச்சி அகப்படாவிட்டால் பக்கெட்டில் கையை விட்டே கலக்குவார்கள். நைட்ரைல் கையுறை நல்லது. துணிக் கையுறை மருந்தைக் குடித்துவிட்டுத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வெறுங்கையையாவது உடனே கழுவலாம். முகத்தில் கட்டும் துண்டும் துணிக் கையுறை போலத்தான்.

இந்தப் பக்கத்துக்கென்று ஒரு சங்கடம் உண்டு. கலந்து முடித்ததும் வரப்பில் உட்கார்ந்து, இடது உள்ளங்கையில் தம்பாகு என்கிற புகையிலையைக் கொட்டி, சுண்ணாம்பு தொட்டு, வலது கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, தட்டித் தூசியை ஊதிவிட்டு உதட்டுக்குள் ஒதுக்குவார்கள். கையில் இருந்த மருந்தும் கூடவே போகும். புகையிலையை விடச் சொன்னால் கேட்க மாட்டார்கள். அது என் வேலையுமில்லை. "தாதா, முதலில் சோப்பு, அப்புறம் தம்பாகு" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அடைத்த நாசிலை வாயால் ஊதுகிறவர்களுக்குப் பழைய பல் பிரஷ் போதும்.

இங்கே தக்காளியை மூங்கில் நட்டு ஆளுயரத்துக்கு ஏற்றிக் கட்டுவார்கள். கையைத் தூக்கி அடிக்கையில் மருந்து முழங்கை நோக்கி வழியும். அதனால் சட்டைக்கை கையுறைக்குள் இருக்க வேண்டும். முட்டைக்கோசுக்குக் குனிந்து அடிக்கையில் வெளியே. பேன்ட் எப்போதும் பூட்ஸுக்கு வெளியேதான். 2017இல் இதே மாநிலத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்து 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். அங்கேயும் செடி உயரமாக வளர்ந்திருந்தது. அதைச் சொன்னால் கூட்டம் அமைதியாகும், ஆனால் மறுவாரம் மறந்துபோகும். ஆர்கனோபாஸ்பேட் மருந்து உடம்பில் ஏறினால் கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும், எச்சில் ஊறும், வேர்த்துக் கொட்டும். வெயிலில் வேர்க்கத்தானே செய்யும் என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து. டாக்டரிடம் ஓடும்போது டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள் என்பேன்.

என் கூட்டங்களுக்கு வருவது பம்ப் பிடிக்கும் ஆண்கள். காய் பறிப்பதும், அவர்கள் மருந்து அடித்த சட்டையைத் துவைப்பதும் பெண்கள். பறிக்கும்போது புடவைக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டையைப் போட்டிருப்பார்கள். சில நாள் அது மருந்து அடித்த அதே சட்டை. அதனால் பறிப்பு நாளில் வயலுக்கே போகிறேன். மருந்துச் சட்டையைத் தனியாக ஊறவைக்கச் சொன்னால் சரி என்கிறார்கள். அடித்தபின் டப்பாவில் போட்டிருக்கும் அத்தனை நாள் கழியும் வரை பறிக்காதீர்கள் என்றால்தான் சிரிக்கிறார்கள்: "நாளைக்குச் சந்தையில் விலை ஏறினால், இருக்கட்டும் என்று முதலாளி சொல்வாரா சாஹேப்?"