இரண்டு நாள் கூட்டத்துக்கு ஆண்டு முழுக்க வாடகையா?

தலித் இயக்கங்களின் பழைய துண்டறிக்கைகளை ஸ்கேன் செய்து ஒரு சின்ன இணையதளத்தில் போட்டு வருகிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கூட்ட நோட்டீஸ், கண்டனச் சுவரொட்டி, 1991-இல் அம்பேத்கர் நூற்றாண்டுக்கு ஊர்ப் பையன்கள் காசு சேர்த்து அடித்த மலர் என்று இதுவரை 612 சேர்ந்திருக்கின்றன. சாதாரண நாளில் முப்பது, நாற்பது பேர் வருவார்கள். கூட்டம் எல்லாம் ஏப்ரல் 14-க்கும் டிசம்பர் 25-க்கும்தான்.

போன டிசம்பர் 25 அன்று வெண்மணி நினைவு நோட்டீஸ் ஒன்றின் இணைப்பு வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தது. 1968-இல் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்த நாள் அது. காலை பதினொரு மணிக்குத் தளம் படுத்துவிட்டது. மாலைவரை வந்தவர்களுக்கெல்லாம் 508 என்ற எண்தான் காட்சி கொடுத்தது. ஒதுக்கிய அளவு தீர்ந்துவிட்டது என்று அதற்குப் பொருள்.

ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேட்டால், "உங்கள் தளம் வளர்ந்துவிட்டது, விபிஎஸ்ஸுக்கு மாறுங்கள்" என்றார்கள். இப்போது ஆண்டுக்கு 4,800 ரூபாய் கட்டுகிறேன். அவர்கள் சொல்வது மாதம் 1,100. ஜிஎஸ்டியோடு ஆண்டுக்கு 15,576.

இப்போது இருப்பது ஒண்டுக்குடித்தனம். ஒரே குழாய், பல வீடு. நாம் இரண்டு குடம் கூடுதலாகப் பிடித்தால் வீட்டுக்காரர் அடைத்துவிடுவார். விபிஎஸ் என்றால் தனி வீடு மாதிரி. ஆனால் ஓடு ஒழுகினால் நாமேதான் ஏற வேண்டும். பாதுகாப்பு அப்டேட், பேக்கப் எல்லாம் நம் தலையில். வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிற எனக்கு அது ஆகிற காரியமா?

விஷயம் தெரிந்து ஒரு கட்சிப் பொறுப்பாளர் போன் செய்தார். "பணத்தை நான் கட்டுறேன் தோழர், மேல தலைவர் படம் ஒண்ணு மட்டும் போட்டுடுங்க" என்றார். நல்ல மனிதர், மறுக்கச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த 612-இல் அவருடைய கட்சியைத் திட்டி அடித்த நோட்டீஸும் பதினைந்தாவது இருக்கும். தலைவர் படத்துக்குக் கீழே அவை எத்தனை நாள் இருக்கும்?

1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட 'கேசரி' மறுத்தது. சாகு மகராஜ் உதவியும் இருந்தது. ஆனாலும் 1923-இல் பத்திரிகை நின்றுபோனது. இன்று காசு இருந்தால் யாருக்கும் இடம் கிடைக்கிறது. யார் காசு என்பதுதான் கேள்வி.

சரி, பணம் கட்டுவதற்கு முன் சர்வர் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். அன்று வந்தவற்றில் பாதிக்கு மேல் மனிதர்களே இல்லை. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் அனுப்பிய ரோபோக்கள், 612 கோப்புகளையும் திரும்பத் திரும்ப அள்ளிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பந்தி வைக்கவா நான் 15,576 கட்ட வேண்டும்? இன்னொன்று, ஒவ்வொரு முறை யார் வந்தாலும் வேர்ட்பிரஸ் தரவுத்தளத்தைத் தோண்டிப் பக்கத்தைப் புதிதாகக் கட்டித் தருகிறது. நாற்பது ஆண்டுக்கு முந்தைய நோட்டீஸில் தினம் என்ன மாறப்போகிறது?

அதனால் சர்வர் மாறவில்லை. பக்கங்களை நிலையான எச்டிஎம்எல் ஆக்கிக்கொண்டிருக்கிறேன், ரோபோக்களில் அடையாளம் தெரிந்தவற்றைத் தடுத்துவிட்டேன். 12 எம்பி இருந்த வண்ணப் பிடிஎஃப்கள் கறுப்பு வெள்ளையில் 700 கேபிக்கு வந்துவிட்டன, எழுத்து நன்றாகவே தெரிகிறது. ரீசார்ஜ் தீர்ந்துவிடுமோ என்று பயந்து படிக்கிற பிள்ளைகளுக்கும் இதுதான் வசதி. அசல் ஸ்கேன்கள் இரண்டு ஹார்ட் டிஸ்கில், ஒன்று மதுரையில் நண்பர் வீட்டில். இன்டர்நெட் ஆர்கைவிலும் ஒரு பிரதி ஏற்றுகிறேன். 2024 அக்டோபரில் அதுவே தாக்குதலுக்குள்ளாகிச் சில நாள் முடங்கியது என்பதால் அதை மட்டும் நம்பப்போவதில்லை. மிச்சமான பணத்தில் டொமைன் பெயரை ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தாயிற்று. அது கைநழுவினால் நாளை அந்தப் பெயரில் யாரோ ரம்மி விளம்பரம் ஓட்டுவார்கள்.

ஏப்ரல் 14 அன்று தாங்குகிறதா என்று பார்ப்போம். தாங்காவிட்டால் அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் பெரிய திட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பலாம், 1,298 ரூபாயோடு போகும்.

மேலவளவு படுகொலையைக் கண்டித்து 1997-இல் அடித்த நோட்டீஸ்கள் என்னிடம் மூன்றுதான் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் அனுப்புங்கள் தோழர்களே. தயவுசெய்து லேமினேட் செய்துவிடாதீர்கள், ஸ்கேன் செய்யும்போது வெளிச்சம் பட்டு எழுத்து மறைகிறது.