பழைய சிபியு, புது டிவி, நடுவுல ஒரு ஒயர்

பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடலாமான்னு யோசிச்சிட்டு இருக்கீங்களா? கொஞ்சம் பொறுங்க. அடி அண்ணாமலையில ஒரு வீட்டுக் கதையைக் கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

அடி அண்ணாமலை தெரியும்ல? 14 கிலோமீட்டர் கிரிவலம் போறவங்க மலைக்கு மேற்குப் பக்கம் வந்ததும் கால் வலி தாங்காம உக்கார இடம் தேடுவாங்களே, அந்த ஊர்தான். ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் இருக்கிற ஊர். அங்க பாதையோரம் டீக்கடை வச்சிருக்கிற ஒரு அம்மா, காலேஜ் படிக்கிற ஒரு பையன். அக்காவைக் கட்டிக்குடுத்தாச்சு. ஆட்டோ ஓட்டிட்டிருந்த அப்பா போய் நாலு வருஷம் ஆச்சு.

வீட்டு மூலையில இருக்கிற கம்ப்யூட்டர் அப்பா வாங்கினது. 2008ல அக்கா படிப்புக்காக சென்னை ரிச்சி தெருவுக்கே போயி, தெரிஞ்சவர் ஒருத்தரைக் கூட வச்சிக்கிட்டு அசெம்பிள் பண்ணது. பென்டியம் டூயல் கோர், 1 ஜிபி ராம், 160 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி, தூக்கவே ரெண்டு ஆள் வேணுங்கிற மாதிரி ஒரு சிஆர்டி மானிட்டர். அந்தக் காலத்துல அது ராஜா வீட்டுப் பெட்டி! அப்ப அந்த வீட்ல டிவின்னா 2006ல ஆரம்பிச்ச அரசு இலவசத் திட்டத்துல வந்த 14 இன்ச் கலர் டிவிதான். அதை விட மானிட்டர் பெருசுன்னு, சவாரி முடிஞ்சு வந்ததும் அப்பா கம்ப்யூட்டர் முன்னாடி சேரைப் போட்டு உக்காந்துடுவாரு. டெக்கு வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூணு படம் பார்த்த தலைமுறை ஆச்சே. அவருக்காகவே அக்கா 'அப்பா படம்'னு ஒரு ஃபோல்டர் போட்டு வச்சிருந்தா. முக்கால்வாசி எம்ஜிஆர்.

அதே டிஸ்க்குலதான் 2012ல நடந்த அக்கா கல்யாண வீடியோவும் இருக்கு. வீடியோக்காரர் குடுத்த டிவிடி ரெண்டும் கீறல் விழுந்து போச்சு. மிச்சம் இருக்கிறது இந்த ஒரு காப்பி.

இந்த வருஷம் தவணையில ஒரு 32 இன்ச் எல்இடி டிவி வந்துச்சு. மானிட்டரோ படம் மங்கி, ஒரேயடியா செவப்படிச்சுப் போச்சு. "அந்தக் கல்யாண கேசட்டைப் புது டிவில போடுடா கண்ணு"ன்னு அம்மா கேட்டாங்க. (அவங்களுக்கு எல்லாமே கேசட்தான்.)

பையன் முதல்ல புத்திசாலித்தனமாத்தான் ஆரம்பிச்சான். ஒரு ஃபைலை பென்டிரைவ்ல போட்டு டிவில சொருகினான். டிவி அந்த ஃபைலைத் திறக்கவே மாட்டேன்னுடுச்சு. டிவிடில இருந்து அப்படியே இறக்கின விஓபி ஃபைல் அது. சில டிவி ஓட்டும், சிலது ஓட்டாது. சரி, கம்ப்யூட்டரையே டிவில மாட்டிடுவோம்னு இறங்கினான்.

இங்கதான் பஞ்சாயத்து. பழைய கம்ப்யூட்டர் பின்னாடி இருக்கிறது விஜிஏ. நீல கலர்ல, மூணு வரிசையில 15 ஓட்டை. 1987ல ஐபிஎம் கொண்டு வந்தது. டிவி பின்னாடி இருக்கிறது ஹெச்டிஎம்ஐ. 2002 கடைசியில வந்த சமாச்சாரம். நடுவுல சில வருஷம் வந்த டிவிகள்ல ரெண்டு ஓட்டையும் இருந்துச்சு. உங்க டிவி அந்த ரகம்னா ஒரு விஜிஏ ஒயரே போதும், குடுத்து வச்சவங்க. 2015க்குள்ள விஜிஏவுக்கு முழுக்குப் போடுறோம்னு இன்டெலும் ஏஎம்டியும் 2010 டிசம்பர்லயே அறிவிச்சாங்க. அப்புறம் டிவிக்காரங்களும் கை விட ஆரம்பிச்சாங்க.

விஜிஏ அனலாக், ஹெச்டிஎம்ஐ டிஜிட்டல். வெறும் ஒயர் போட்டு இணைச்சா மொழி புரியாத ரெண்டு பேரைப் பக்கத்துல உக்கார வச்ச கதைதான். நடுவுல மொழிபெயர்க்க ஒரு சிப் வேணும். அதுக்குப் பேர் கன்வெர்ட்டர். டவுனுக்குப் போயி 250 ரூபாய்க்கு ஒண்ணு வாங்கிட்டு வந்தான். சிபியுல இருந்து விஜிஏ ஒயர் அதுக்குள்ள கச்சிதமா உக்காந்துச்சு, அதோட அடுத்த முனை டிவிலயும் கச்சிதமா உக்காந்துச்சு. டிவில மட்டும் 'நோ சிக்னல்'.

மாட்ட முடியுதுங்கிறதாலயே வேலை செய்யணும்னு இல்லைங்க. கடைக்காரர் குடுத்தது ஹெச்டிஎம்ஐ டூ விஜிஏ. புது லேப்டாப்பைப் பழைய மானிட்டர்ல மாட்டுறதுக்கானது. இவனுக்கு வேண்டியது அப்படியே தலைகீழ், விஜிஏ டூ ஹெச்டிஎம்ஐ. கேட்டு வாங்கும்போது எது 'டூ'வுக்கு முன்னாடி, எது பின்னாடின்னு ரெண்டு தடவை பாருங்க. கரன்ட்டுக்காக யுஎஸ்பி ஒயர் ஒண்ணு தொங்கினா அனேகமா அதுதான் சரியானது. மறுபடி 5 ரூபாய் டிக்கெட்டா பஸ் விடுறாங்க? அலைஞ்சு மாத்திட்டு வந்தான்.

இப்பவும் படம் வரல! பழைய மானிட்டர்ல கண்ணு வலிக்காம இருக்க அக்கா 85 ஹெர்ட்ஸ்னு வச்சிருந்தா. டிவிக்கு 60தான் சரிப்படும். டிவில ஒண்ணுமே தெரியாதப்ப எப்படி மாத்துறது? திரும்ப செவப்பு மானிட்டரையே மாட்டி, 60க்கு மாத்தி, 1024க்கு 768 வச்சு, அப்புறம் டிவிக்குத் தாவினான். வந்துடுச்சு.

பார்க்கலாமேன்னு 'அப்பா படம்' ஃபோல்டர்ல இருந்து எங்க வீட்டுப் பிள்ளையைப் போட்டான். கடையில இருந்து எட்டிப் பார்த்த அம்மா, "எம்ஜிஆர் இன்னாடா இப்பிடி ஊதிட்டாரு"ன்னாங்க. நியாயம்தான். சதுரமான படத்தை அகலமான திரைக்கு இழுத்தா யாரா இருந்தாலும் குண்டாத்தான் தெரிவாங்க. டிவி ரிமோட்ல 4:3ன்னு மாத்தினதும் எம்ஜிஆர் இளைச்சாரு. பழைய பெட்டிக்கு இந்த 700 எம்பி படமெல்லாம் அல்வா மாதிரி. இப்ப வர்ற ஹெச்டி ஃபைலைப் போட்டீங்கன்னா மூச்சு வாங்கி நின்னுடும், அதை டிவியோட யுஎஸ்பிலயே ஓட்டிக்குங்க. அப்புறம் எக்ஸ்பிக்கு 2014ஓட சப்போர்ட் முடிஞ்சு போச்சு, தயவுசெய்து அதுல இன்டர்நெட்டை மாட்டாதீங்க.

அன்னிக்குப் பௌர்ணமி. அம்மாவால கடையை விட்டு நகர முடியல. மறுநாள் மத்தியானம்தான் கையைத் துடைச்சிக்கிட்டே வந்து டிவி முன்னாடி உக்காந்தாங்க. கல்யாண வீடியோ ஓடுது. மண்டப வாசல்ல அப்பா, பட்டு வேட்டியோட, வர்றவங்களைக் கை கூப்பிக் கூப்பிட்டுட்டு இருக்காரு.

"இன்னாடா, உங்கப்பா வாய் மட்டும் ஆடுது?"

ஆமா. விஜிஏல படம் மட்டும்தான் போகும். சத்தத்துக்கு அதுல கம்பியே கிடையாது. எம்ஜிஆர் படம் போட்டப்பவே சத்தம் வரலதான், கடை இரைச்சல்ல யாரும் கவனிக்கல. சிபியு பின்னாடி பச்சை கலர் ஓட்டை இருக்குல்ல, அதுல இருந்து கன்வெர்ட்டருக்கு ஒரு 3.5 எம்எம் ஆடியோ ஒயர் தனியா போடணும். கன்வெர்ட்டர் டப்பாலயே அந்த ஒயர் இருந்துச்சு. பிரிக்காம வச்சிருந்தான். தேடி எடுத்து மாட்டினான்.

"வாங்க மாமா, வாங்க, சாப்டாம போய்டாதீங்க"ன்னு டிவில இருந்து அப்பா குரல். கொஞ்சம் கரகரப்பு, பின்னாடி நாதஸ்வரம். அம்மா ஒண்ணும் சொல்லல. அந்த இடம் முடிஞ்சதும், "திருப்பிப் போடு"ன்னாங்க. திருப்பிப் போட்டான். கடைக்கு யாரோ டீ கேட்டு வந்து நின்னாங்க, "பால் தீந்துடுச்சு"ன்னு உள்ள இருந்தே குரல் குடுத்தாங்க. பால் தீரல.

நாலாவது தடவை ஓடும்போது சிபியுக்குள்ள இருந்து 'டக் டக்'னு ஒரு சத்தம். 2008 ஹார்ட் டிஸ்க். பையன் படத்தை நிறுத்திட்டு, இருந்த ரெண்டு பென்டிரைவையும் சொருகி காப்பி போட ஆரம்பிச்சான். முதல் வேலையா செஞ்சிருக்க வேண்டியது அது. 'இன்னும் 47 நிமிடம்'னு எக்ஸ்பி காட்டுச்சு, அப்புறம் 12ன்னுச்சு, அப்புறம் மறுபடி 38ன்னுச்சு. அம்மா அந்தப் பச்சைக் கோட்டையே பார்த்துட்டு அங்கயே உக்காந்திருந்தாங்க.