கீரிமலைக்கு ஒரு ரிட்டர்ன் டிக்கெட்

"கப்பல்ல போறியாமே... மத்தியதரைக் கடலா?" என்று கேட்டார் மணவாள நகர் டீக்கடைக்காரர். பழைய பாக்கியைத் தராமல் ஓடிவிடுவேனோ என்ற கவலை அவர் குரலில் தெரிந்தது.

அந்தக் கடலை விளம்பரத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வெளேரென்று ஒரு கப்பல் இன்று மால்ட்டாவில் நிற்கும், நாளை சான்டோரினியில். தொப்பிக்காரர்கள் இறங்குவார்கள், போட்டோ எடுப்பார்கள், சாயங்காலம் ஏறிவிடுவார்கள். பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கும் ஆசாமிக்கு அது ரொம்ப ஆழமான கடல் சார்! எனக்கு வாய்த்தது வங்கக் கடல்தான். 2023 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று சுற்றுலாக் கப்பல் விட ஆரம்பித்தார்கள் அல்லவா? போனஸ் வந்த குஷியில் என் மச்சான் எனக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுவிட்டான்.

எழுத வருவதற்கு முன் ஆறு வருஷம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அக்கவுன்ட்ஸ் பார்த்தேன். அங்கே பெயின்ட் அடிக்க ஓர் அண்ணன் வருவார். வீடு, அங்கேயே இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமில். 1990-ல் அம்மா இடுப்பில் உட்கார்ந்து படகேறி வந்தவர். நான் போவது தெரிந்ததும் அந்த அம்மா கூப்பிட்டனுப்பினார். கழுவிக் காயவைத்த தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்தார்.

"கீரிமலைத் தண்ணி கொஞ்சம் கொண்டு வருவீங்களோ தம்பி? இவன்ர அப்பாவுக்கு ஆடி அமாவாசைக்குச் செய்யேக்க ஒரு சொட்டு விடோணும்."

என்னிடம் பாஸ்போர்ட் இருக்கிறது. அவரிடம் இல்லை. முகாம் பதிவில் இருப்பவர்கள் ஊருக்குப் போவதென்றால் மூட்டை கட்டிக்கொண்டு ஒரேயடியாகப் போகவேண்டும். காலையில் இறங்கிச் சாயங்காலம் ஏறும் சௌகரியமெல்லாம் என்னைப் போல வேடிக்கை பார்க்கப் போகிறவனுக்குத்தான்.

கப்பலில் சாப்பிட்டதைச் சொல்லி உங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள விரும்பவில்லை. (மச்சான் மூன்று கிலோ ஏறினான்.)

காங்கேசன்துறையில் ஆறு மணி நேரம் நிற்கும் என்றார்கள். இமிக்ரேஷன் வரிசையிலேயே பாதி கரைந்தது. வெளியே ஏ.சி. பஸ் காத்திருந்தது. சுமார் 18 கிலோமீட்டர் தள்ளி யாழ்ப்பாணம். நல்லூர் கோயில், நூலகம், கோட்டை என்று புரோகிராம். கூப்பிடு தூரத்தில் இருக்கும் கீரிமலை லிஸ்ட்டிலேயே இல்லை!

"பஸ்ஸுக்குக் காசு கட்டியாச்சுடா!" என்று அலறினான் மச்சான். அலறட்டும் என்று ஓர் ஆட்டோவைப் பிடித்தேன்.

வழியில் 1990-ல் போர் மூடிய சிமென்ட் ஆலை. ஆறு வருஷம் சங்குச் சத்தத்துக்கு டிபன் பாக்ஸ் திறந்தவன் நான். அதைப் பார்க்க என்னவோ செய்தது.

"எங்கயிருந்து வாறியள்?" என்றார் ஆட்டோக்காரர்.

"திருவள்ளூர்... மணவாள நகர்." முகத்தில் சலனமே இல்லை. "கும்மிடிப்பூண்டி பக்கம்" என்றேன். (பக்கமெல்லாம் இல்லை, பஸ் மாறவேண்டும்.)

ஆட்டோ சட்டென்று வேகம் குறைந்தது. "கும்மிடிப்பூண்டியோ! எங்கட சித்தி ஆக்கள் அங்கதான் இருக்கினம்!"

கப்பல் முழுக்க மெட்ராஸ்காரர்கள். ஒருவருக்கும் மணவாள நகர் எங்கே என்று தெரியவில்லை. இவருக்குக் கும்மிடிப்பூண்டி சித்தி வீடு!

"நாங்களும் தொண்ணூறிலதான் எழும்பினனாங்கள். பிறகு இருவது வருஷத்துக்கு மேல இந்தப் பக்கம் ஆமிதான். இப்ப கொஞ்சம் கொஞ்சமாக் காணி விடுறாங்கள்" என்றார், மழை வரும் என்று சொல்வது போல.

கீரிமலையில் கடலுக்கும் கேணிக்கும் நடுவே ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் உப்பு அலை மோதுகிறது, இந்தப் பக்கம் நல்ல தண்ணீர் ஊறுகிறது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புப் பாறை மழையைக் குடித்து வைத்திருந்து, கரைக்கு வந்து ஊற்றாக விடுகிறதாம். பக்கத்தில் நகுலேஸ்வரம் கோயில். குளித்தேன். பாட்டிலை முக்கி நிரப்பினேன். அசடு மாதிரி மூடியை நாலு தரம் திருகிப் பார்த்தேன். திரும்பும் நேரத்தைக் கழித்துக் கணக்குப் போட்டதில் கையில் மிஞ்சியது நாற்பது நிமிஷம். அதுவும் தீர்ந்தது. ஆட்டோக்காரர் பேசிய காசைப் பைசா குறையாமல் வாங்கிக்கொண்டார். பிறகு சீட்டுக்கடியிலிருந்து ஒரு குட்டான் பனங்கட்டியை எடுத்து, "அங்க குடுங்கோ" என்றார். யாருக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு முகாமுக்குப் போனேன். அந்த அம்மா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்கம்மா... நாற்பது நிமிஷம்தான் கிடைச்சது. சரியாப் பார்க்கக்கூட முடியலை" என்று அலுத்துக்கொண்டேன்.

"நாற்பது நிமிஷமோ!" என்றார், கண்களை அகல விரித்து. கொஞ்சம் பொறுத்து, "பொம்பிளையள் குளிக்கிற கேணிப் படி அப்பிடியே இருக்குதோ தம்பி?"

அந்தப் பக்கம் நான் எட்டியே பார்க்கவில்லை. செல்போனில் தேடினேன். இருபத்து மூன்று போட்டோ. இருபத்து மூன்றிலும் நான்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.